தங்கூசி கட்டிய மண்டலின்

அன்புள்ள ஐயா,
பழைய ஆங்கிலப் பொப் பாடல்களை லண்டன் இசைக்குழு ஒன்று வாசித்த தொகுப்பைத் தம்பி அனுப்பியிருந்தான். பாட்டுக் குரலே இல்லை, முழுக்க வயலின்களும் குழல்களும். எனக்குப் பிடித்திருக்கிறது. "லிப்டுக்குள் போடுகிற இசை" என்று மகன் சிரிக்கிறான். நம் ஈழத்துப் பொப் பாடல்களையும் இப்படி வாசித்தால் அவற்றுக்கு ஒரு மரியாதை கிடைக்காதா?
வாசகி, உவர்மலை

அன்புள்ள தங்கைக்கு,

மகனின் சிரிப்பை விடுங்கள். அவன் எத்தனை முறை லிப்டில் ஏறியிருப்பான்? பிடித்திருந்தால் கேளுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஆனால் 'மரியாதை' என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி வழியாக ஒரு வாத்தியப் பட்டாளமே சேர்ந்து பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே'யை இழைத்துக்கொண்டிருந்தது. சோறு இறங்காமல் எழுந்து வந்தேன்.

1965இல் அந்தப் பாட்டுக்கு இருந்தது என்ன? அந்தக் குழுவின் பால் மக்கார்ட்னியின் குரல், ஒரு கிட்டார், இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சேர்த்த இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ. அவர்களிடமும் சுரத்தை நடுங்கவிட்டு இழைக்க வேண்டாம் என்றார் மக்கார்ட்னி. அடுத்த ஆண்டு 'எலினோர் ரிக்பி'க்கு எட்டுப் பேர். ஒலிவாங்கியைத் தந்திக்கு ஒட்டினாற்போல் வைத்ததால் வில் உரசுவது காதில் கீறும். 1967இல் 'எ டே இன் த லைஃப்' பாட்டுக்கு நாற்பது பேரைக் கூப்பிட்டார்கள். அடியிலிருந்து உச்சிவரை ஏறும் ஒரு பேரிரைச்சல் அங்கே தேவைப்பட்டது, கூப்பிட்டார்கள். பாட்டு கேட்ட அளவுக்கு ஆள். பந்திக்கு ஆள் சேர்ப்பதுபோல் அல்ல.

நம் திருகோணமலைப் பொப் பாடகர்கள் பரமேஸ்–கோணேஸ் சகோதரர்கள் யாரிடம் மரியாதை வாங்கிக்கொண்டு பாட வந்தார்கள்? அறுபது பேர் கோட்டுப் போட்டு உட்கார்ந்து நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யை வாசித்தால் மாமி வாசலுக்கே வரமாட்டாள்.

என் சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் கேட்ட பாட்டுகளை, பாதிச் சொல் விளங்காமலே, மாலையில் டச்சுக்குடாக் கடற்கரையில் மண்டலினில் வாசிப்பார். எட்டுத் தந்தியில் ஒன்று அறுந்துபோனது. புதிய தந்தி வாங்கக் காசில்லையா, சோம்பலா தெரியாது, மீன்பிடிக்கிற நைலோன் இழையான தங்கூசியை இழுத்துக் கட்டிவிட்டார். மெட்டு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம், தேங்காயைச் சுண்டிப் பார்ப்பதுபோல. நாங்கள் சிறுவர்கள் சிரிப்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். கல்யாண வீட்டில் அன்று அதே மெட்டு அதே இடத்துக்கு வந்தபோது நான் அந்த 'டொக்'குக்காகக் காத்திருந்தேன், தங்கச்சி. அங்கே ஒரு ஹார்ப் குளுகுளுவென்று ஓடியது.

தொகுப்பை எனக்கு அனுப்ப வேண்டாம். மகனை ஒருநாள் வீட்டுக்கு அனுப்புங்கள். மண்டலின் அலமாரிக்கு மேலேதான் இருக்கிறது. தங்கூசியை நான் இன்னும் மாற்றவில்லை.