வால்பாறை ஏறும் சிட்டிக்கு ‘ஸ்டேஜ் 2’ கேம் ஷாஃப்ட் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பொள்ளாச்சியில் இருக்கிறேன், மாதம் இரண்டு முறையாவது வால்பாறை போய் வருவேன். மலை ஏறும்போது இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும். பழைய ‘ஸ்டேஜ் 2’ கேம் ஷாஃப்ட் ஒன்று 14,000 ரூபாய்க்கு வருகிறது. ஒரே நாளில் மாற்றிவிடலாம், வேறு எதையும் தொட வேண்டியதில்லை என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா? மாற்றும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: அந்தக் கேமை வாங்காதீர்கள். கேம் ஷாஃப்ட் என்பது இன்ஜின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் மேடுகள் (லோப்) கொண்ட தண்டு. உங்கள் இன்ஜினுக்கு கேம் மாற்றலாம், நல்ல பலனும் கிடைக்கும். ஆனால் நீங்கள் கேட்கும் இழுவை வேறு, அந்தக் கேம் தரப்போகும் இழுவை வேறு.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்து, இரண்டாவது கியரில் திரும்பி, மறுபடி மிதிப்பீர்கள். அப்போது இன்ஜின் சுற்றுவது 2,000 முதல் 4,000 ஆர்பிஎம் வரைக்கும்தான். ‘ஸ்டேஜ் 2’ மாதிரி பந்தயத்துக்கு வெட்டிய கேம் வேலை செய்யத் தொடங்குவதே அதற்கு மேலே. கோவை செட்டிப்பாளையம் பந்தய டிராக்கில் ஓட்டுபவர் 5,000-க்குக் கீழே ஆர்பிஎம் முள்ளை இறங்கவே விடமாட்டார். அவருக்கு அது சரி.

ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் எந்தக் கேமையும் நீங்களே எடைபோடலாம். பிஸ்டன் கீழே இறங்கும்போது இன்டேக் வால்வ் திறந்து காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் அடிவரை போய்த் திரும்பி ஏறத் தொடங்கிய பிறகும் வால்வ் சிறிது நேரம் திறந்தே இருக்கும். 6,000 ஆர்பிஎம்மில் காற்று அத்தனை வேகமாக ஓடி வருவதால், பிஸ்டன் ஏறிக்கொண்டிருந்தாலும் ஓடிவந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு நுழைந்துவிடும். 2,000-இல் அந்த வேகம் கிடையாது. உள்ளே வந்ததையே பிஸ்டன் மறுபடி காற்று வந்த குழாயான மேனிஃபோல்டுக்குத் தள்ளிவிடும். பெரிய கேம் என்றால் வால்வ் அதிக நேரம் திறந்திருக்கும், அதிக உயரம் எழும்பும். மேலே லாபம், கீழே நஷ்டம்.

கணக்காகப் பார்ப்போம். 120 நியூட்டன் மீட்டர் டார்க்கை (சுழற்றும் விசையை) ஒரு இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் கொடுத்தால் அது சுமார் 50 குதிரைத்திறன். அதே 120-ஐ 6,500 வரை விடாமல் வைத்திருந்தால் சுமார் 110. டார்க் கூடவே இல்லை; மேலே போகும்வரை தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான். கேம் செய்வது பெரும்பாலும் இந்த வேலையைத்தான். பதிலுக்கு 3,000-இல் டார்க் பத்தில் ஒரு பங்கு விழுந்தால், நான்கு பேரோடு வளைவில் திரும்பும்போது 50 இருந்த இடத்தில் 45 இருக்கும். அந்த 5 போனது காலுக்கு நன்றாகவே தெரியும்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடக் கவலை. எக்ஸாஸ்ட் வால்வ் முழுதாக மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வ் திறக்கும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நேரம்தான் ஓவர்லேப். பெரிய கேமில் இது அதிகம். அதிகமானால் ஐடிலில், அதாவது மிதிக்காமல் ஸ்லோவில் ஓடும்போது, மேனிஃபோல்டின் வேக்குவம் (உறிஞ்சும் வெற்றிடம்) குறையும். உங்கள் வண்டியின் ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று முடிவு செய்கிறது. வேக்குவம் குறைந்ததும் இன்ஜினுக்குப் பாரம் ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அதிகமாக ஊற்றும். ஸ்லோ ஏறி இறங்கும், சிக்னலில் வண்டி அணையும், மைலேஜ் போகும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பிரேக் பெடலை லேசாக்கும் பூஸ்டருக்கும் அதே வேக்குவம்தான் ஆதாரம். வால்பாறையிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் கட்டையாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அப்படியானால் என்ன செய்யலாம்? உங்களிடம் இருப்பது விடெக். வால்வ் கவரைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்டேக் பக்கம் மூன்று லோப் அடுத்தடுத்து இருக்கும். ஓரத்தில் உள்ள இரண்டும் சிறியவை. நடுவில் உள்ளது உயரமானது. கீழ் ஆர்பிஎம்மில் ஓரத்து இரண்டும்தான் வால்வை இயக்கும்; நடு ராக்கர் (லோப்பின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் கை) சும்மா ஆடிக்கொண்டிருக்கும். மேலே போனதும் ஆயில் அழுத்தத்தில் ஒரு பின் நகர்ந்து மூன்று ராக்கரையும் ஒன்றாகப் பூட்டும். அப்போது நடு லோப் சொல்வதே சட்டம். ஒரே தண்டில் இரண்டு கேம்களை ஹோண்டா ஏற்கெனவே உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே ஓரத்து லோப்களைத் தொழிற்சாலை அளவிலேயே விட்டு, நடு லோப்பை மட்டும் மிதமாகப் பெரிதாக்கிய கேம்தான் உங்களுக்குப் பொருந்தும். மலையில் இப்போதுள்ள இழுவை குறையாது, உடுமலை ரோட்டில் ஓவர்டேக் செய்யும்போது மேல்பாதி நன்றாகத் திறக்கும்.

‘ஸ்டேஜ் 2’ என்ற பெயரை நம்பி எதுவும் வாங்கக் கூடாது. அந்தப் பெயருக்குப் பொது அளவு கிடையாது. ஒருவரின் ஸ்டேஜ் 2 இன்னொருவருக்கு ஸ்டேஜ் 1. கேமின் அளவுகளை எழுதித் தரும் கேம் கார்டைக் கேளுங்கள். லிஃப்ட் (வால்வ் எழும்பும் உயரம்) எத்தனை மில்லிமீட்டர், டியூரேஷன் (கிராங்க் சுழற்சியில் வால்வ் திறந்திருக்கும் அளவு) எத்தனை டிகிரி, அந்த டியூரேஷனை எந்த லிஃப்டில் அளந்தார்கள், டேப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சந்து) எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். 1 மில்லிமீட்டரில் அளந்த 240 டிகிரியும், வால்வ் அசையத் தொடங்கும்போதே அளந்த 240 டிகிரியும் ஒன்றே இல்லை. முதலாவது எவ்வளவோ பெரிய கேம். கார்டு இல்லாத கேம் எனக்கு லேபிள் இல்லாத மருந்து பாட்டில் மாதிரி.

பழைய கேம் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் இன்ஜினில் ராக்கர் நுனியில் ரோலர் இல்லை, லோப் மீது நேராக வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்தக் கேமின் லோப் வேறு ஒரு வண்டியின் ராக்கரோடு சேர்ந்து தேய்ந்தது. உங்கள் ராக்கர் உங்கள் கேமோடு தேய்ந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று தின்னும். புதுக் கேம் போட்டாலும் ராக்கர் நுனிகளை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கினால் அந்த ராக்கரை மாற்ற வேண்டும்.

கேமுக்குச் செலவு செய்யும் முன் 1,40,000 ஓடிய இன்ஜினைச் சோதியுங்கள். சூடான இன்ஜினில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் நெருக்கும் அழுத்தம்) பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 28 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். விடெக்குக்கு ஆயிலைத் திறந்துவிடும் சாலினாய்டைக் கழற்றி உள்ளே இருக்கும் சிறு வலையைப் பாருங்கள். கருப்புக் கசடு அடைத்திருந்தால் பின்னுக்கு ஆயில் அழுத்தம் சரியாகப் போகாது. விடெக் ஒழுங்காகப் பூட்டாமலே பல மாதம் ஓட்டியிருக்கலாம். அந்த வலையைக் கழுவி, டேப்பெட் சரிசெய்து, பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியதிலேயே “இது போதும்” என்று கேம் ஆசையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி மாட்டும் வேலை. ஒரே நாள் போதாது. அளக்க ஒரு நாள், மாட்ட ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெக்கானிக் மாருதி வேலையில் கைதேர்ந்தவர் என்றால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இந்த ஹோண்டா இன்ஜின் புல்லி பக்கம் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். பழக்கத்தில் வலப்பக்கம் சுற்றினால் கேமைச் சுற்றும் டைமிங் பெல்ட் டென்ஷனர் பக்கம் தளர்ந்து ஒரு பல் தாவிவிடலாம். ஒரு பல் தாவினால் கிராங்க் கணக்கில் 15 டிகிரிக்கும் மேலே. இந்த இன்ஜினில் டைமிங் பிசகினால் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளலாம்.

ராக்கர் அசெம்பிளியின் போல்ட்டுகளை ஒன்றாகக் கழற்றி எறியக் கூடாது. ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும்; ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு இரண்டு சுற்று என்று மாறிமாறித் தளர்த்த வேண்டும். மாட்டும்போது டேப்பெட் ஸ்க்ரூ எல்லாவற்றையும் முழுதாகத் தளர்த்திவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் கேம் ஷாஃப்டே உடையும். நடு ராக்கருக்குத் துணையாக இருக்கும் சிறு ஸ்பிரிங் குப்பிகளை விரலால் அழுத்திப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் இறங்க வேண்டும். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் ஆயில் சீல் எல்லாவற்றையும் இத்தோடு மாற்றிவிடுங்கள்.

அப்புறம்தான் நிறையப் பேர் விட்டுவிடும் சோதனை. லிஃப்ட் கூடியிருப்பதால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று அளந்தே ஆக வேண்டும். ஹெட்டைக் கழற்றி, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு பிஸ்டன் தலையில் ஒட்டி, களிமண் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவி, ஹெட்டைப் பழைய கேஸ்கட்டோடு மாட்டி, டேப்பெட்டைக் கார்டில் உள்ள அளவுக்கு வைத்து, அந்தச் சிலிண்டரின் மூன்று இன்டேக் ராக்கரும் பூட்டியபடி இருக்க, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பூட்டாமல் சுற்றினால் சிறு லோப்பின் அளவுதான் பதியும். அதை நம்பி ஸ்டார்ட் செய்தவருக்கு விடெக் பூட்டும் நொடியில்தான் உண்மை தெரியும். கழற்றிப் பார்த்தால் வால்வ் பதிந்த குழி தெரியும். மிக மெல்லிய இடத்தில் பிளேடால் வெட்டி வெர்னியரில் அளந்தால், இன்டேக்குக்கு 2 மில்லிமீட்டரும் எக்ஸாஸ்டுக்கு 2.5 மில்லிமீட்டரும் இருப்பது பாதுகாப்பு. முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் 1.5 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும்.

டைமிங் மார்க்கை மட்டும் நம்பாதீர்கள். கோணம் காட்டும் டிகிரி வீலும் அசைவை அளக்கும் டயல் கேஜும் வைத்து, கேம் கார்டு சொல்லும் இடத்தில் வால்வ் உச்சத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். அட்ஜஸ்டபிள் புல்லி இருந்தால் சில டிகிரி முன்னே வைக்கலாம். கீழ் இழுவை கொஞ்சம் திரும்பும். உங்களுடையது ஒற்றைக் கேம் என்பதால் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்தே நகரும், தனித்தனியாக நகர்த்த முடியாது. ஹெட் திரும்ப ஏறியதும் டேப்பெட்டை ஆறிய இன்ஜினில் கார்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். தொழிற்சாலைக் கேமுக்கு இன்டேக் 0.18–0.22, எக்ஸாஸ்ட் 0.23–0.27 மில்லிமீட்டர், புதுக் கேமுக்கு இதையே வைத்துவிடக் கூடாது.

முதல் ஸ்டார்ட்டில்தான் கேமின் ஆயுள் முடிவாகிறது. லோப், ராக்கர் எல்லாவற்றிலும் கேம் அசெம்பிளி பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுங்கள். கூலன்ட், ஆயில், இக்னிஷன் எல்லாம் சரிபார்த்து, சாவி திருப்பியதும் பிடித்துக்கொள்ளும்படி தயார் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனவுடன் 2,000–2,500 ஆர்பிஎம்மில், சற்றே ஏற்றி இறக்கி, 20 நிமிடம் ஓட விடுங்கள், ஐடிலில் விடாதீர்கள். ஒரு பட்டறையில் புதுக் கேம் மாட்டிய வண்டியை ஸ்லோவில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஒரு வாரத்தில் டிக் டிக் என்று சத்தம். கவரைத் திறந்தபோது மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் லோப்பின் மூக்கு மழுங்கிப்போயிருந்தது. ஆயிலை வெயிலில் பிடித்தால் வெள்ளித் தூள் மின்னியது. அந்த 20 நிமிடம் முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். 800 கிலோமீட்டரில் டேப்பெட்டை மறுபடி பாருங்கள்.

ஈசியூ மேப்பிங் இல்லாமல் இந்த வேலையை முடிந்ததாக நினைக்காதீர்கள். பெட்ரோல், இக்னிஷன், விடெக் பூட்டும் ஆர்பிஎம் மூன்றையும் புதுக் கேமுக்கு ஏற்ப இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோவில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். அதற்குக் காசு ஒதுக்க முடியாவிட்டால் கேமை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐயும் படித்துவிடுங்கள். தயாரிப்பாளர் அளவிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு அங்கே கட்டுப்பாடு உண்டு, இன்சூரன்ஸ் க்ளைமிலும் அது வந்து நிற்கும். ஓவர்லேப் கூடினால் புகைச் சோதனையில் எரியாத ஹைட்ரோகார்பன் கூடும். 15 வருடம் தாண்டிய உங்கள் வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கும்போதும் இது தலைவலி.

அதனால் வண்டியிலிருந்து கழற்றும் தொழிற்சாலைக் கேமை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆயில் தடவி, துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, வளையாதபடி நிமிர்த்தி வையுங்கள். கழற்றிய ராக்கர்களையும் சேர்த்து வைப்பதானால் எந்தச் சிலிண்டர், எந்த லோப் என்று ஒவ்வொன்றிலும் பெயின்ட் மார்க்கரால் எண் போட்டு வையுங்கள். திரும்ப மாட்ட வேண்டி வந்தால் அதது அதனதன் இடத்துக்கே போக வேண்டும்.