மின்வாரியம் ஏன் நட்டத்தில் ஓடுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மின்கட்டணம் பற்றி வந்த கடிதங்களில் ஆறை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1957இல் தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010இல் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, 2024இல் மறுபடியும் பிரிக்கப்பட்டது. நம்மிடம் கட்டணம் வசூலிப்பது இப்போது தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகம். ஆனாலும் ஊரில் எல்லோரும் வாரியம் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

போட்டியே இல்லாமல் விற்கும் நிறுவனம் எப்படி நட்டப்பட முடியும்? என் பனியன் கம்பெனிக்குப் பக்கத்திலேயே பத்துப் போட்டியாளர்கள் இருக்கிறார்கள். நான் நட்டப்பட்டால் நியாயம் உண்டு. (திருப்பூர் வாசகர்)

உங்களுக்குப் போட்டி உண்டு, ஆனால் விலையை நீங்களே சொல்லலாம். கட்டுப்படியாகாத ஆர்டரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். வாரியத்துக்கு இந்த இரண்டு உரிமையும் இல்லை. விலையைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது. இணைப்பு கேட்டு விண்ணப்பிப்பவருக்கு மின்சாரம் தரவேண்டியது சட்டப்படியான கடமை. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் சொல்லலாம். 2014 டிசம்பரில் உயர்ந்த கட்டணம், அடுத்து உயர்ந்தது 2022 செப்டம்பர் 10ஆம் தேதிதான். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் விற்பனை விலை நின்ற இடத்தில் நிற்க, நிலக்கரி விலையும் ரயில் கட்டணமும் சம்பளமும் வட்டியும் தம் போக்கில் ஏறின. இடைவெளியைக் கடன் நிரப்பியது. அந்தக் கடனின் வட்டி அடுத்த ஆண்டின் செலவுக் கணக்கில் ஏறி, அதற்கும் ஒரு கடன் தேவைப்பட்டது. 2017 ஜனவரியில் மின்பகிர்மான நிறுவனங்களைக் கடனிலிருந்து மீட்பதற்கான மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. பாரம் குறைந்ததே தவிர, கடன் பிறக்கும் இடம் அடைபடவில்லை.

2022 ஆணைக்குப் பின் ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் சரிசெய்யப்படுகிறது: 2023இல் 2.18 சதவீதம், 2024இல் 4.83, 2025இல் 3.16. எட்டு ஆண்டுகள் காத்திருந்து ஒரே அடியாக ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. ஆனால் 2023, 2025 ஆண்டுகளில் வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசே ஏற்றதால், வாரியத்தின் வருமானம் இன்னும் கூடுதலாக அரசின் கஜானாவைச் சார்ந்ததாகிவிட்டது. வீடுகளுக்குத் தரும் இலவச யூனிட்டுகளும் விவசாயப் பம்புசெட்டுகளுக்கான இலவச மின்சாரமும் ஏற்கெனவே அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. மின்சாரச் சட்டம் 2003இன் 65ஆம் பிரிவு, மானியத்தை அரசு முன்கூட்டியே தரவேண்டும் என்கிறது. மானியம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வாரியத்துக்கு வட்டிச் செலவுதான்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டர் கிடையாது. குதிரைத்திறனை வைத்து நுகர்வு மதிப்பிடப்படுகிறது. அந்த மதிப்பீடு கூடினால் மின்கம்பியில் போகும் இழப்பு குறைவாகத் தெரியும். குறைந்தால் இழப்பு கூடித் தெரியும். எவ்வளவு மின்சாரம் வயலுக்குப் போனது, எவ்வளவு வழியில் போனது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியாத நிறுவனம், தன் நட்டம் எங்கே உண்டாகிறது என்பதையும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

ஆரல்வாய்மொழியைக் கடக்கும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழல்வதைப் பார்க்கிறேன். காற்றுக்கு விலை இல்லை. அந்த மாதங்களில் வாரியம் லாபம் பார்க்குமே? (நாகர்கோவில் வாசகர்)

காற்றுக்கு விலை இல்லை. காற்று வராத நேரத்துக்கு விலை உண்டு. மே முதல் செப்டம்பர் வரை கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, அனல்மின் நிலையங்களிலிருந்து வாரியம் வாங்கும் அளவு குறைகிறது. ஆனால் அந்த நிலையங்களுடன் செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தங்களில் விலை இரண்டு பகுதியாக இருக்கிறது: எரிபொருளுக்கானது, எடுத்த யூனிட்டுக்கு மட்டும்; நிலையான செலவுக்கானது, மின்சாரம் தரத் தயாராக இருந்தாலே தரவேண்டியது. எடுக்காத மின்சாரத்துக்கும் பணம் தருவது வாரியத்தின் நிர்வாகப் பிழை என்று சிலர் எழுதுகிறார்கள். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. காற்று திடீரென்று ஓய்ந்துவிட்டால் அடுத்த அரை மணி நேரத்தில் யாரிடம் கேட்பது என்பதற்கான காத்திருப்புக் கூலி அது.

இன்னொரு சிக்கல், பழைய காற்றாலைகளுக்கு உள்ள மின்சேமிப்பு வசதி. ஆலை உரிமையாளர் காற்றுக் காலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்து, அதே நிதியாண்டின் பிற்பகுதியில் எடுத்துக்கொள்கிறார். போடும்போது மின்சாரம் மலிவு. எடுக்கும்போது சந்தையில் விலை அதிகம். வங்கிக் கணக்கைப் போலத் தோன்றினாலும், போட்ட பொருள் பெட்டகத்தில் இருப்பதில்லை, அன்றைக்கே செலவாகிவிடுகிறது என்பதுதான் வேறுபாடு.

தேவை உச்சத்தைத் தொடும் நாளும் காற்றுக் காலமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டபோது, பருவக்காற்று இன்னும் வரவில்லை.

அரசு வாரியத்தை விடுங்கள். தனியார் மின் உற்பத்தி நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா? 25 ஆண்டு விற்பனை ஒப்பந்தம் இருக்கிறது என்கிறார்கள். (மதுரை வாசகர்)

எந்தப் பங்கையும் வாங்கச் சொல்வதோ விற்கச் சொல்வதோ என் வேலை அல்ல. ஆனால் நீண்ட ஒப்பந்தம் என்பதே பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். அதில் எந்தச் செலவு வாங்குபவர் தலையில் விழும், எந்தச் செலவு விற்பவர் தலையில் விழும் என்று பாருங்கள். குஜராத்தின் முந்த்ராவில் டாடா பவரின் 4,000 மெகாவாட் நிலையம், இறக்குமதி நிலக்கரியை நம்பி, யூனிட்டுக்குச் சராசரி 2.26 ரூபாய் என்ற விலையில் ஏலத்தை வென்றது. 2010இல் இந்தோனேசிய அரசு, நிலக்கரியைச் சர்வதேச விலையை ஒட்டித்தான் விற்கவேண்டும் என்று விதி செய்தது. கணக்கு முழுவதும் தலைகீழானது. வெளிநாட்டுச் சட்டம் மாறியதைக் காரணமாகக் காட்டி ஈடு கேட்க முடியாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் வலுவாக இருந்ததுதான் அந்த நிறுவனத்துக்கு ஆபத்தாக அமைந்தது.

புயலில் சாயும் கம்பங்களுக்குக் காப்பீடு இல்லையா? (வேதாரண்யம் வாசகர்)

பல மாவட்டங்களில் திறந்த வெளியில் பரந்து கிடக்கும் கம்பங்களுக்கும் கம்பிகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் காப்பீடு கிடைப்பது உலகெங்கும் கடினம். உங்கள் பகுதியில் 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்தன. நடுவதற்கான செலவு ஒருபுறம் இருக்க, இருளில் இருந்த நாள்களில் விற்காத மின்சாரமும் வருமான இழப்பே. நிலத்தடிக் கேபிள் புயலுக்கு நல்லது. ஆனால் செலவு பல மடங்கு, பழுதைக் கண்டுபிடிப்பதும் சிரமம்.

மாடியில் சூரியத் தகடு போட்டதால் என் கட்டணம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இதனால் வாரியத்துக்கு நட்டமா? (கோவை வாசகர்)

குற்ற உணர்வு வேண்டாம், ஆனால் விடை ஆம் என்பதுதான். அதிக யூனிட் பயன்படுத்தும் வீடுகளும் கடைகளும் ஆலைகளும் அடக்கவிலைக்கு மேல் கொடுப்பதால்தான் மற்றவர்களுக்குக் குறைவாகக் கொடுக்க முடிகிறது. முதலில் தகடு போட வசதி உள்ளவர்களும், வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்கப் போகும் ஆலைகளும் அந்த மேல்தட்டு வாடிக்கையாளர்களே. பகலில் விலகிப்போகும் அவர்களுக்காகவே மாலை ஏழு மணிக்கு மின்மாற்றியும் கம்பியும் அனல் நிலையமும் தயாராக இருக்கவேண்டும். இதற்குத் தீர்வு தகடுகளைத் தடுப்பதல்ல. கம்பிக்கான கட்டணத்தையும் யூனிட்டுக்கான கட்டணத்தையும் நேர்மையாகப் பிரிப்பது. மக்களிடம் சொல்லக் கசப்பான செய்தி என்பதால் அது தள்ளிப்போகிறது.

கல்லூரித் திட்ட ஆய்வுக்காக வாரியத்தின் ஆண்டறிக்கையைப் படிக்கிறேன். அபாயங்களை எங்கே தேடுவது? (சென்னை மாணவி)

லாப நட்டக் கணக்கின் கடைசி வரியில் தேடாதீர்கள். மானியம் வந்தால் அது ஒரே ஆண்டில் மாறிவிடும். அரசிடமிருந்து வரவேண்டிய மானியம், எந்த ஆண்டுக்குரியது என்று பார்த்துப் பிரித்து எழுதுங்கள். அடுத்து, மின் உற்பத்தியாளர்களுக்குத் தரவேண்டிய பாக்கி. 2022 ஆகஸ்டில் 13 மாநிலங்களின் பகிர்மான நிறுவனங்கள் பாக்கியின் பேரில் மின்சந்தையில் வாங்கத் தடுக்கப்பட்டபோது தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. தொகை சில ஆயிரம் கோடி ஆகும் முன்பே பாக்கி என்பது விநியோகப் பிரச்சினையாக மாறிவிடலாம் என்பதற்கு உங்கள் ஆய்வில் இதைக் காட்டலாம். கடைசியாக, அடிக்குறிப்புகளில் ஒளிந்திருக்கும் வழக்குகள்: தீர்ப்பு எதிராக வந்தால் தரவேண்டிய தொகைகள் அங்கேதான் இருக்கும். கட்டுமானத்தில் உள்ள அனல் நிலையங்களுக்கு ஏறிவரும் வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இப்போது சொத்துக் கணக்கில் இருக்கும், நிலையம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்துதான் செலவாகத் தெரியும்.