ஊசி போட்ட இடம் எது? உங்கள் வழக்கு அதில்தான் இருக்கிறது

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்றரை வயதில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி முத்தடுப்பு பூஸ்டர் ஊசி போட்டோம். நர்ஸ் இடதுபக்கம் இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்தில் போட்டார். அன்று சாயங்காலமே இடது கால் பாதம் தொங்கிவிட்டது. பதினான்கு மாதம் ஆகியும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். இடது செருப்பின் முன்முனை மட்டும் தேய்ந்துபோகிறது. போலியோவா என்று பார்க்க அரசு மருத்துவமனையில் இரண்டு முறை மலப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். போலியோ இல்லை என்றார்கள். தடுப்பூசிக் கம்பெனி மேல் ஒரு கோடி கேட்டு வழக்குப் போடலாம் என்கிறார் உறவினர். ஊசி போட்ட மருத்துவமனையோ, இருபத்தைந்தாயிரம் தருகிறோம், பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்" என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கும். இந்தக் குழந்தைக்கு இன்னும் எத்தனை வருடம் பிசியோதெரபி வேண்டும், பாதத்தைத் தாங்கும் பட்டையை எத்தனை முறை மாற்ற வேண்டும், அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்பது யாருக்கும் தெரியாத நிலையில் அந்தத் தொகைக்கு அர்த்தமே இல்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் "பின்பக்கத்தில்" என்ற ஒரு சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த வயதுக் குழந்தைக்கு முத்தடுப்பு ஊசியைத் தொடையின் முன்-வெளிப்பக்கத்தில் போட வேண்டும் என்பது அரசுத் தடுப்பூசித் திட்டத்தின் வழிகாட்டுதல். புட்டத்தில் போட்டால், காலுக்குப் போகும் பெரிய நரம்பான சியாட்டிக் நரம்பு காயப்படலாம். அப்போது பாதம் தொங்கும். ஊசி போட்ட அன்றே, அதே பக்கக் கால் மட்டும் தளர்ந்தது இதோடு பொருந்துகிறது. ஆகவே தடுப்பு மருந்தின் மேல் பழி போடும் வழக்காக இதைக் கொண்டுபோகாதீர்கள். கம்பெனி மேல் பொருள் பொறுப்பு, அதாவது தயாரித்த பொருளின் குறைக்கு ஈடு, கேட்டால் மருந்தில் குறை இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அதே மருந்து வாங்கிய மற்றக் குழந்தைகள் நன்றாக இருக்கும்போது அது நிற்காது. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கத் தனி ஏற்பாடு உண்டு. குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளுக்கு அப்படியொரு தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. இங்கே யாருடைய கவனக்குறைவு என்று காட்டியாக வேண்டும். உங்களால் காட்ட முடியும் என்றே நினைக்கிறேன்.

சரி, எங்கே போவது? நீங்கள் பணம் கட்டியதால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நர்ஸின் தவறுக்கு மருத்துவமனையும் பொறுப்பு. 1998-இல் ஸ்ப்ரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், நர்ஸ் தவறான ஊசி போட்டு மூளை பாதித்த ஒரு குழந்தைக்குப் பன்னிரண்டரை லட்சமும், பெற்றோரின் மனவேதனைக்கெனத் தனியாக ஐந்து லட்சமும் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குழந்தையோடு பெற்றோரும் நுகர்வோரே என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அதனால் மகன் பெயரிலும் உங்கள் இருவர் பெயரிலும் சேர்த்தே கேளுங்கள்.

காலக்கெடு இரண்டு வருடம். பதினான்கு மாதம் போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடம் உண்டுதான், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

இனி ஆதாரம். முதலில் தடுப்பூசி அட்டை. தேதி, மருந்தின் பேட்ச் எண், போட்ட இடம் எழுதியிருக்கிறதா பாருங்கள். வெற்றாக இருந்தாலும் அப்படியே விடுங்கள், நீங்களாக எதையும் நிரப்பாதீர்கள். அன்று இரவு வீக்கத்தைப் போட்டோ எடுத்து யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அந்த உரையாடலை அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம். ஊசி எங்கே விழுந்தது என்பதை அதைவிட நன்றாகச் சொல்லும் சாட்சி கிடைக்காது. முனை தேய்ந்த செருப்புகளையும் எறியாமல் வையுங்கள். சிகிச்சைப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதி.

மலப் பரிசோதனை எடுத்தார்கள் என்றீர்களே, அது பெரிய விஷயம். பதினைந்து வயதுக்குள் ஒரு குழந்தைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால் போலியோ கண்காணிப்பில் அதைப் பதிவு செய்வார்கள்; அறுபது நாள் கழித்து மறுபடி பார்ப்பதும் உண்டு. எதிர்த்தரப்புக்குச் சம்பந்தமே இல்லாத அரசு மருத்துவர், வழக்கு என்ற பேச்சே எழாத நாளில் எழுதிய குறிப்பு அது. தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள், முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

அப்புறம், குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பு வழியே மின்தூண்டல் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது) எடுத்துவிடுங்கள். நரம்பு எந்த இடத்தில் பாதிக்கப்பட்டது என்பதற்கு வழக்கில் இதுதான் முக்கிய ஆதாரம். காரணம் வேறு என்று வந்தால் நானே வழக்கு வேண்டாம் என்பேன். உங்களை வருடக்கணக்கில் அலையவிட எனக்கு மனமில்லை.

போலீஸ் புகார் வேண்டாம். 2005-இல் உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, மருத்துவர் மேல் குற்ற வழக்கு என்றால் மிகக் கடுமையான அலட்சியம் தெரிய வேண்டும்.

இதே பிரச்சினை உள்ள மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டிருந்தால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக ஏற்காது. அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து உரிமையியல் வழக்கு, அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்று போக வேண்டும்.

ஐந்து வயதில் போடும் அடுத்த முத்தடுப்பு ஊசியை நிறுத்திவிடலாமா என்ற பயம் உங்களுக்கு வரும். எனக்குப் புரிகிறது. ஆனால் நரம்பைக் காயப்படுத்தியது ஊசி இறங்கிய இடம் என்றால், மருந்தை மறுக்க அது காரணமாகாது. இந்த ஊசி தடுக்கும் கக்குவானும் தொண்டை அடைப்பானும் இன்னும் போய்விடவில்லை. நரம்பியல் மருத்துவரிடமே கேட்டு முடிவெடுங்கள்; எங்கே போடப்போகிறார்கள் என்பதை ஊசிக்கு முன்பே கேளுங்கள்.

வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். வழக்கு குழந்தையுடையது என்பதால், வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அலுவலகம் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். அட்டை, ரசீது, போன், செருப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.