டியூபுக்கு வெளியே ஒட்டும் ஒலி சென்சாரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: எங்கள் நிரப்பும் இயந்திரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் வழியாகத் திரவம் போகிறது. தொட்டி காலியானது தெரியாமல் பம்ப் வெறுமனே ஓடிவிடுகிறது. டியூபைச் சுற்றி ஒட்டக்கூடிய, வளையும் படலம் போன்ற அல்ட்ராசோனிக் (காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கும்) சென்சார் ஒன்றை விற்பனையாளர் காட்டுகிறார். எந்த டியூபுக்கும் பொருந்துமாம், உள்ளே என்ன திரவம் என்றும் சொல்லிவிடுமாம். வாங்கலாமா?

பதில்: திரவம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான் என்றால், தாராளமாக வாங்கலாம். சென்சார் அனுப்பும் ஒலி திரவத்தைத் தாண்டி மறுபக்கம் போய்ச் சேரும். உள்ளே காற்று இருந்தால் ஏறக்குறைய முழுவதும் டியூபின் சுவரிலேயே திரும்பிவிடும். திரவம் கலங்கலாக இருந்தாலும் கறுப்பாக இருந்தாலும் கவலை இல்லை. ஒளியை வைத்துப் பார்க்கும் சென்சார்கள் அங்கேதான் தடுமாறும்.

ஆனால் 'எந்த டியூபுக்கும்' என்பதை அப்படியே ஏற்காதீர்கள். கெட்டியான செராமிக் சென்சார் உருண்டையான டியூபில் ஒரு கோடாகத்தான் படியும். வளையும் படலம் சுற்றிப் படியும், அது உண்மைதான். ஆனாலும் நடுவில் மயிரிழை காற்று இருந்தால் போச்சு, சிக்னல் கிடைக்காது. அந்த இடைவெளியை எதை வைத்து நிரப்புகிறார்கள் என்று கேளுங்கள். ஜெல் என்றால் நாளடைவில் காய்ந்துவிடும். நிரந்தரமாக வைக்க, ஒட்டும் பசையோ ரப்பர் பட்டையோ நல்லது.

இன்னொரு சிக்கல்: ஒலி டியூபின் சுவர் வழியாகவே சுற்றிப்போய் மறுபக்கத்தை எட்டலாம். அப்போது காலி டியூபும் நிறைந்ததுபோலத் தெரியும். அதனால் நீங்கள் பயன்படுத்தும் டியூபிலேயே ஒரு துண்டைக் கொடுத்து, நிரப்பி ஒரு முறை, அப்போதுதான் வடித்த ஈரத்தோடு ஒரு முறை, நன்றாகக் காய்ந்தபின் ஒரு முறை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஈரமாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் வரும் அளவுகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லையென்றால் வேண்டாம். சிலிகோன் டியூப் ஒலியை நன்றாக விழுங்கும், அதற்கு இந்தச் சோதனை கட்டாயம்.

திரவத்தை அடையாளம் காட்டும் என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஒலி தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,480 மீட்டரும் எத்தனாலில் சுமார் 1,160 மீட்டரும் போகும். வித்தியாசம் இருக்கிறது, சரி. ஆனால் வெப்பநிலை மாறினாலே இந்த வேகமும் மாறும், கலவையாக இருந்தாலும் மாறும். வெப்பத்தைத் தனியாக அளந்து திருத்தாத கருவி சொல்லும் பெயர் வெறும் ஊகம்தான். சூடான திரவம் என்றால் படலம் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், மாட்டும் இடம். திரவம் மேல்நோக்கி ஏறும் செங்குத்தான பகுதியில் ஒட்டுங்கள். படுக்கைவாட்டில் கிடக்கும் டியூபில் குமிழிகள் மேல்பக்கமாகத் தேங்கி, திரவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே காலி என்று காட்டி பம்பை நிறுத்திவிடும்.