நூல் கட்டிய குளிசை அப்பாவுக்கு உதவுமா?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, வயல் செய்கிறார். புகையிலையோடு வெற்றிலை போடுவார். நாலு மாதமாகச் சோறு நெஞ்சில் நிற்கிறது என்கிறார். முதலில் இறைச்சிதான் இறங்கவில்லை, இப்போது புட்டும் இறங்குவதில்லை. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறார். கஞ்சி, தேத்தண்ணிக்குப் பிரச்சினை இல்லை. காஸ்ட்ரிக் என்று ஒமிப்ரசோல் எடுத்ததில் எரிவு குறைந்தது, இறங்காதது அப்படியே இருக்கிறது. நன்றாக மெலிந்துவிட்டார். கமரா விட்டுப் பார்க்கச் சொல்லி டொக்டர் துண்டு தந்திருக்கிறார். அப்பா மாட்டேன் என்கிறார். தொண்டை கிழிந்துவிடுமாம், சதை எடுத்தால் நோய் பரவுமாம். எலிக்காய்ச்சலுக்குத் தந்த குளிசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார். பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே படம் மட்டும் எடுத்தால் போதாதா? வெளிநாட்டில் நூல் கட்டிய குளிசையை விழுங்கவைத்துச் சோதிப்பதாக யூரியூப்பில் பார்த்தேன். அப்பாவுக்கு அதைச் செய்யலாமா?

பதில்: துண்டில் திகதி போட்டிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். போடாவிட்டால் இந்தக் கிழமையே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

ஏன் அவசரம் என்றால், நீங்கள் எழுதியிருக்கிற அந்த வரிசைதான். முதலில் இறைச்சி, பிறகு புட்டு, இன்னும் கஞ்சிக்கு வரவில்லை. உணவுக்குழாய் (பள்ளிக்கூடத்தில் களம் என்று படித்திருப்பீர்கள்) ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமான தசைக் குழாய். நன்றாக விரிந்து கொடுக்கும். அதனால் கொஞ்சம் ஒடுங்கினாலும் ஒன்றும் தெரியாது. உள்ளகலம் 13 மில்லிமீற்றர் அளவுக்குக் குறையும்போதுதான் கட்டியான சாப்பாடு தடக்கத் தொடங்கும். அப்போதும் ஆட்கள் உடனே சொல்வதில்லை. இறைச்சியை விடுவார்கள், பாணைத் தேத்தண்ணியில் தோய்ப்பார்கள், புட்டுக்குக் குழம்பைக் கூடுதலாக ஊற்றுவார்கள். "எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை" என்பார்கள். வீட்டில் சமைக்கிறவருக்குத்தான் முதலில் தெரியவரும்.

முத்தையன்கட்டிலிருந்து வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று வையுங்கள். காரணம் இரண்டு வகையாக இருக்கலாம். வாய்க்காலுக்குள் ஏதோ வளர்ந்தோ மண் சேர்ந்தோ பாதை ஒடுங்கியிருக்கும். இல்லையென்றால் வாய்க்கால் சுத்தமாகத்தான் இருக்கும், துருசு (மதகு) திறந்திருக்காது. உணவுக்குழாயிலும் இதே கதைதான். உள்ளே ஒடுங்கினால் முதலில் கட்டிச் சாப்பாடு, பிறகு மெல்லிய சாப்பாடு, கடைசியில் தண்ணீர் என்று படிப்படியாக வரும். கீழே வயிற்று வாசலில் இருக்கிற தசை திறக்க மறுத்தால், சோறும் தண்ணீரும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகத் தடக்கும். படுத்தால் சாப்பிட்டது மேலே வரும், இரவில் இருமல் வரும். இந்த இரண்டாவது நோய்க்கு அக்கலேசியா என்று பெயர். 17ஆம் நூற்றாண்டிலேயே தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் திமிங்கில எலும்பின் நுனியில் பஞ்சு கட்டி ஒரு நோயாளியின் சாப்பாட்டைத் தள்ளி இறக்கியிருக்கிறார். இன்று காற்றுப் பலூனால் விரிக்கலாம், சத்திரசிகிச்சையில் தசையைப் பிரிக்கலாம், 2008இல் ஜப்பானில் இனோவே தொடங்கிய முறையில் கமராக் குழாய் வழியாகவே பிரிக்கலாம். உங்கள் அப்பாவின் வரிசை இந்த வகையைக் காட்டவில்லை. ஆனால் கேட்டுத்தான் சொல்கிறோம், பார்த்துச் சொல்லவில்லை. அதனால் இதையும் மனதில் வைத்திருப்போம்.

குளிசைக்கு எரிவு குறைந்ததே என்பீர்கள். குறையும். ஒமிப்ரசோல் அமிலத்தைக் குறைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அமிலம் பலகாலம் சுட்டதால் வந்த தழும்பு ஒடுக்கமாக இருந்தாலும், புற்றுநோயாக இருந்தாலும் எரிவு குறையலாம். எரிவு போனது நல்ல செய்திதான், ஆனால் தடக்கல் எதனால் என்பதற்கு அது பதில் இல்லை. வயதுபோனவருக்குச் சோறு இறங்காமல் மெலிவும் சேர்ந்தால், இன்னொரு மாதம் குளிசை போட்டுப் பார்ப்போம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பிரித்தானிய வழிகாட்டியில் விழுங்கச் சிரமம் என்ற ஒரு காரணம் போதும், இரண்டு கிழமைக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொல்கிறது. வயதுகூடக் கேட்பதில்லை. நம் ஊரில் அந்த இரண்டு கிழமை எப்போதும் கிடைக்காது, அது தெரிந்ததுதான். அதனால் திகதி போடும் இடத்தில் "காஸ்ட்ரிக்" என்று சொல்லாமல் "சோறு இறங்கவில்லை, மெலிந்துவிட்டார்" என்று சொல்லுங்கள். இந்த இரண்டு சொல்லும் வரிசையில் முன்னுக்குக் கொண்டுபோகும்.

சரி, நூல் கட்டிய குளிசைக்கு வருவோம். நீங்கள் பார்த்தது பொய் இல்லை. நல்ல ஆய்வுதான். குளிசைக்குள் சுருட்டிய பஞ்சு இருக்கும், நூலின் மறு நுனி வெளியே நிற்கும். வயிற்றில் கூடு கரைந்ததும் பஞ்சு விரியும், நூலைப் பிடித்து மெதுவாக இழுப்பார்கள். வரும் வழியில் உணவுக்குழாயின் உள்தோலைத் தேய்த்துக் கலங்களைப் பொறுக்கிக்கொண்டு வரும். இங்கிலாந்தில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்த ஆய்வில் இதைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஆய்வு என்றால் நான் முதலில் பார்ப்பது முடிவை அல்ல, யாரிடம் செய்தார்கள் என்பதைத்தான். இதில் இருந்தவர்கள் 50 வயதைத் தாண்டியவர்கள், நெஞ்செரிவுக்கு நெடுநாள் குளிசை எடுப்பவர்கள், சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறவர்கள். தேடியது புற்றுநோயை அல்ல. அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் அடிப்பக்கத்துத் தோல் மாறுகிற பரெற் என்ற நிலையைத்தான் தேடினார்கள். அதிலிருந்து பல வருடம் கழித்துச் சிலருக்குப் புற்றுநோய் வரலாம் என்பதால், முன்கூட்டியே பிடிக்கிற முயற்சி. உங்கள் அப்பா அந்தக் கூட்டத்தில் இல்லை. புட்டு இறங்காத இடத்தில் விரிந்த பஞ்சை இழுப்பது ஆபத்தும்கூட. அந்தச் சோதனையைச் செய்கிறவர்களே விழுங்கச் சிரமப்படுகிறவர்களை நேரே கமராவுக்குத்தான் அனுப்புவார்கள்.

பேரியம் படத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். துருசு திறக்காத நோயை அது அழகாகக் காட்டும், ஒடுக்கம் எவ்வளவு நீளம் என்றும் காட்டும். ஆனால் படம் நிழல்தான். ஒடுக்கம் தெரிந்தால் அது என்ன என்று அறிய கமரா வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும், தட்டையாகப் படர்ந்த சிறு நோய் தப்பியிருக்கலாம் என்பதால் அப்போதும் கமரா வேண்டும். எந்த விடை வந்தாலும் அடுத்த வேலை அதுதான் என்றால், பரந்தன் வீதியில் ஒரு பயணத்தை மிச்சம் பிடிக்கலாமே.

அப்பாவின் பயங்களைச் சிரித்துத் தள்ளாதீர்கள். குழாய் கிட்டத்தட்ட ஒரு சின்ன விரல் தடிப்பு. தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து தெளிப்பார்கள், தேவையானால் ஊசியில் மயக்கமும் தருவார்கள். ஓங்காளம் வரும், அதை மறைக்கத் தேவையில்லை. மூச்சுக்குழாய் வேறு என்பதால் மூச்சு அடைக்காது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெறுமனே பார்ப்பதற்கு விடும்போது கிழிவது ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு. ஒடுக்கத்தை விரிக்கும்போது அந்த ஆபத்துக் கொஞ்சம் கூடும், அதை முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். எடுக்கிற சதை ஒவ்வொன்றும் குறுணல் அரிசியளவுகூட இராது. சந்தேகமான இடத்தில் ஆறு, எட்டுத் துண்டு எடுப்பார்கள், ஒன்றிரண்டில் நோய் தப்பிவிடக் கூடாதே என்று. எடுத்ததால் நோய் பரவுவதில்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பிந்திப் போனவருக்குத் துண்டு எடுக்கிறார்கள், முடிவு கெட்டதாக வருகிறது, சில மாதத்தில் ஆள் போய்விடுகிறார். ஊர் கண்டது துண்டு எடுத்ததை மட்டும்தான்.

எலிக்காய்ச்சல் குளிசை விஷயத்தில் அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. காலபோகம் தொடங்க வயல்காரருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் கிடைக்கிற டொக்சிசைக்கிளின், உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைச் சுட்டுவிடும். விடிய வயலுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு மிடறு தண்ணீரோடு போடுகிறவர்களுக்கும், இரவில் போட்டுவிட்டுச் சரிகிறவர்களுக்கும் இது வரும். ஆனால் அந்தப் புண் சொல்லிக்கொண்டு வரும். குளிசை போட்ட சில மணித்தியாலத்திலோ அடுத்த நாளிலோ எச்சில் விழுங்கினாலே நெஞ்சுக்குள் குத்தும், பொதுவாகச் சில நாளில், மிஞ்சினால் சில கிழமையில் ஆறிவிடும். நாலு மாதமாக மெல்ல மெல்லக் கூடுகிற தடக்கல் அந்தக் குணம் இல்லை. இதைப் படிக்கிற மற்ற வயல்காரர் குளிசையை விட்டுவிடக் கூடாது, எலிக்காய்ச்சல் ஆளைக் கொல்லும். ஒரு பெரிய கோப்பை தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் நிமிர்ந்து இருந்தால் போதும்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. புற்றுநோயாக இருந்தால்?

இருக்கலாம். மெலிவும் புகையிலை வெற்றிலையும் சேர்ந்திருப்பதால் அதை முதலில் விலக்கத்தான் இவ்வளவு சொல்கிறேன். புகையிலை சேர்த்த வெற்றிலை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே உறுதியாகச் சொன்னது. 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதையும் 2016இல் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. தேத்தண்ணியை விட வேண்டாம், ஆறவிட்டுக் குடிக்கட்டும். அமிலத்தால் வந்த வெறும் தழும்பாக இருப்பதற்கும் இடமுண்டு. அப்படியென்றால் பலூனால் விரித்து, குளிசையைத் தொடர்ந்தால் மனிதர் மறுபடி புட்டுச் சாப்பிடுவார்.

புற்றுநோய் என்று வந்தால் துண்டுப் பரிசோதனை முடிவில் ஒரு சொல்லைத் தேடுங்கள்: செதிள் கல வகையா (squamous), சுரப்பி வகையா (adenocarcinoma). நம் பக்கத்தில் கூடுதலாக வருவது செதிள் கல வகை. மேற்கு நாட்டு ஆய்வுகளில் பெரும்பாலும் இருப்பவர்கள் மற்ற வகைக்காரர், ஆகையால் இணையத்தில் வாசிக்கிறவை எல்லாம் அப்பாவுக்குப் பொருந்தாது. பொருந்துகிற ஒன்று நெதர்லாந்தில் நடந்தது. 366 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நேரே சத்திரசிகிச்சை, மற்றவர்களுக்கு முதலில் ஐந்து கிழமை கீமோவும் கதிர்ச் சிகிச்சையும், அதன் பிறகு சத்திரசிகிச்சை. 2012இல் வந்த முடிவில், நேரே வெட்டியவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் உயிரோடு தாண்டிய காலம்) 24 மாதம், முன்சிகிச்சை பெற்றவர்களுக்கு 49 மாதம். செதிள் கல வகைக்காரர் அதில் கால்வாசிக்கும் குறைவுதான், ஆனால் கூடுதல் பலன் கண்டவர்கள் அவர்களே. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, வெட்டியெடுத்த பகுதியில் நோயே மிஞ்சியிருக்கவில்லை. அதனால்தான், முன்சிகிச்சைக்குப் பிறகு சோதித்ததில் நோய் தெரியாதவர்களை உடனே வெட்டாமல் நெருக்கமாகக் கண்காணிக்கலாமா என்று அங்கேயே பின்னர் ஆராய்ந்தார்கள். இரண்டு வருடக் கணக்கில் அவர்களின் ஆயுள் குறையவில்லை. இந்த வழிகள் எல்லாம் நோய் தூரத்துக்குப் பரவாமல் இருக்கும்போதுதான். பரவியிருந்தாலும் குழாய்க்குள் வலைக்கூடு வைத்துச் சாப்பாடு இறங்கச் செய்யலாம். வடக்கில் இந்தச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழைக்கு அனுப்புவார்கள்.

போகும்வரை அப்பா சாப்பிடாமல் இருக்கக் கூடாது. கஞ்சிக்குள் பாலும் பருப்பும் சேருங்கள், முட்டையை அடித்துக் கலந்து நன்றாக வேகவையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். எச்சில்கூட இறங்காமல் துப்பத் தொடங்கினால், இரத்தமாகச் சத்தி எடுத்தால், மலம் தார் போலக் கறுத்தால் திகதிக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கமரா விடும் நாளில் ஆறு மணித்தியாலம் சாப்பாடு இல்லை, கடைசி இரண்டு மணித்தியாலம் தண்ணீரும் இல்லை. அப்பாவுக்குத் தடக்கல் இருப்பதால் முதல் நாள் முழுக்கக் கஞ்சித்தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொல்லலாம், கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறவரானால் திகதி போடும்போதே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள். மயக்க ஊசி போட்டால் அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, கூட ஒருவர் போக வேண்டும். வெற்றிலைப் பையை மட்டும் வீட்டில் வாங்கி வையுங்கள். "வெற்றிலை சாப்பாடு இல்லைத்தானே" என்று விடிய ஒரு வாய் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே சிவப்பாகக் கிடந்தால் இரத்தமா, சாறா என்று நாங்கள் கழுவிக்கொண்டு நிற்க வேண்டும்.