மூத்திரப்பையின் கொள்ளளவு 350 மில்லி என்றால் பயப்பட வேண்டுமா?

சகோதரி, மூத்திர கல்ச்சரில் (கிருமிப் பரிசோதனையில்) கிருமி இல்லை, வலி மட்டும் போகவில்லை, மயக்கம் கொடுத்துப் பார்த்ததில் மூத்திரப்பை 350 மில்லிதான் பிடித்தது என்று மார்த்தாண்டத்திலிருந்து எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டாம். நாள்பட்ட மூத்திரப்பை வலிக்காரர்களைச் சில ஆய்வாளர்கள் 400 மில்லியைக் கோடாக வைத்துப் பிரிக்கிறார்கள். கீழே என்றால் கோளாறு பெரும்பாலும் பையிலேயே. மேலே என்றால் குடல் தொல்லை, உடம்பு முழுக்க வலி என்று வேறு சிலதும் சேர்ந்து வருவதுண்டு.

உங்கள் விஷயத்தில், டாக்டரிடம் முதலில் ‘ஹன்னர் புண்’ (மூத்திரப்பையின் உள்சுவரில் வரும் சிவந்த புண்) தெரிந்ததா என்று கேளுங்கள். இருந்தால் அதைச் சூட்டால் கரிப்பது, ஸ்டீராய்டு ஊசி போடுவது என்று தனி வைத்தியம் இருக்கிறது. பலருக்கு நன்றாகவே கேட்கும். அப்புறம், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதுங்கள். 350-ஐவிடக் குறைவாகத்தான் வரும், விழித்திருக்கும்போது வலி முந்திக்கொள்ளும். புளிப்பும் காரமுமான மீன் புளிமுளம் சாப்பிட்ட அன்று வலி கூடுகிறதா என்பதையும் குறியுங்கள். எல்லாருக்கும் அப்படி வலி கூடுவதில்லை, ஆனாலும் குறிக்காமல் சும்மா விட்டுவிடாதீர்கள்!