கிளாஸ்களுக்குப் பூட்டு அவசியமா?

கேள்வி: ஜாவா நிரல்மொழியில் ‘ஃபைனல்’ என்று தடுக்காத வரை எந்த கிளாஸையும் (தரவையும் அதற்கான செயல்களையும் சேர்த்து வரையறுக்கும் நிரல் அலகு) நீட்டிக்கலாம், அதாவது அதன் மேல் துணை கிளாஸ் எழுதலாம்; காட்லின் மொழியிலோ ‘ஓப்பன்’ என்று எழுதினால்தான் முடியும். இப்படி நீட்டிக்கும் மரபுரிமத்தை (இன்ஹெரிட்டன்ஸ்) மொழியே இப்படி முடக்குவது முறையா?

பதில்: முறை என்பதே என் கருத்து. துணை கிளாஸில் நீங்கள் ‘மூடு’ என்றொரு மெத்தட் (கிளாஸின் செயல்) எழுதியிருக்க, அடிப்படை கிளாஸை எழுதியவர் அடுத்த பதிப்பில் தற்செயலாக அதே பெயரில் ஒன்றைச் சேர்த்து உள்வேலைக்கு அழைத்தால், ஜாவாவில் ஓடுவது உங்களுடையதாகவே இருக்கும். பிழையின் ஊற்று இருவருக்குமே எளிதில் புலப்படாது. மேலும், பூட்டிய கிளாஸைப் பின்னர் திறப்பதால் பிறர் நிரல் உடைவது அரிது. திறந்ததைப் பூட்டினாலோ அதை நீட்டித்தவர் நிரல் கம்பைல் ஆகாது. நம் கிளாஸ்களைத் தானே நீட்டித்துப் பயன்படுத்தும் ‘ஸ்பிரிங்’ என்ற நிரல் கட்டமைப்பைப் பயன்படுத்துவோருக்கு இந்தப் பூட்டு தொல்லைதான். அதற்கெனக் காட்லின் தனிச் செருகுநிரலே தரவேண்டியிருந்தது. 2021-இல் வெளிவந்த ஜாவா 17, பெயர் குறிப்பிட்ட கிளாஸ்கள் மட்டும் நீட்டிக்கும் ‘சீல்டு’ வசதியை நிலைப்படுத்தியது; ஆனால் அதையும் நாமே எழுதிக் கேட்டுப் பெற வேண்டும், இல்லையேல் கிளாஸ் திறந்தே இருக்கும்.